துளை எந்தப் பக்கம்?

இந்த ஆண்டு நரம்பியல் மாநாடு மதுரையிலேயே நடக்கப் போகிறதாம். மலரில் போடுவதற்கு இரண்டு பக்கம் எழுதிக் கொடுங்கள் என்று துறையிலிருந்து ஒரு மாணவி வந்து கேட்டாள். "நல்ல நல்ல ஞாபகமா எழுதுங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள். முப்பத்தோரு வருடம் எலி மூளையைச் சீவி, சாயம் ஏற்றி, கண்ணாடியில் ஒட்டிக் கொடுத்தவள் நான். அதில் நல்ல ஞாபகம் நிறையவே உண்டு. ஆனால் ஓய்வு பெற்று நாலு வருடமான பிறகும் குளிக்கும்போதும் சமைக்கும்போதும் மனதில் வந்து நிற்பது நான் செய்த ஒரு தப்புதான். அதைத்தான் எழுதப் போகிறேன். மலரில் போடுவதும் போடாததும் அவர்கள் இஷ்டம்.

செல்லூரில் தறிக்காரர் வீட்டில் பிறந்தேன். வீட்டுக்குள் சௌராஷ்டிரம், தெருவில் தமிழ், லேபில் அரைகுறை இங்கிலீஷ். தறி வீட்டுப் பெண் என்பதால்தான் கை இவ்வளவு நுணுக்கம் என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மையில் எங்கள் அப்பா என்னைத் தறிப் பக்கமே விட்டதில்லை. நான் தொட்டால் இழை அறும் என்பார். விலங்கியல் படித்து, லேப் டெக்னீசியன் டிப்ளமோ முடித்து, நோய்க்குறியியல் பிரிவில் ஆறு வருடம் தினக்கூலியாகக் குப்பி கழுவி, அதற்குப் பிறகுதான் கத்தி என் கைக்கு வந்தது. அந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

வெளிநாட்டில் படித்துவிட்டு ராஜமாணிக்கம் சார் திரும்பி வந்து ஒரே ஒரு அறையோடு நரம்பியல் லேபைத் தொடங்கியபோது என்னைக் கேட்டு வாங்கிக்கொண்டார். உசிலம்பட்டிப் பக்கம் மானாவாரி விவசாயக் குடும்பம் அவருடையது. குரலை உயர்த்த மாட்டார். யார் என்ன சொன்னாலும் ஒரே கேள்விதான் கேட்பார்: "எத வச்சுச் சொல்றீக?" புதிதாகச் சேர்ந்தவர்கள் அந்தக் கேள்விக்குப் பயந்து ஒரு மாதம் வாயே திறக்க மாட்டார்கள்.

லேப் தொடங்கி இரண்டாம் வருடம் சார் முதல்முறையாக எங்கள் வேலையை ஒரு மாநாட்டில் சுவரொட்டியாக வைக்கப் போனார். ஆறு மாத உழைப்பு அந்த ஒரு தாளில் இருந்தது. அதைச் சுருட்டிக் குழாயில் போட்டுப் பஸ்ஸில் மேலே வைத்தவர், இறங்கும்போது எடுக்க மறந்துவிட்டார். மறுநாள் காலை லேபுக்குப் போன் வந்தது. "பத்மாம்மா, உங்க நோட்ட எடுங்க. ஒண்ணாம் எலியில இருந்து வாசிங்க" என்றார். நான் வாசிக்க வாசிக்க, அங்கே கடையில் வாங்கிய சார்ட் பேப்பரில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதினார். வரைபடத்தையும் கையாலேயே போட்டாராம். பக்கத்தில் பளபளவென்று அச்சடித்து வைத்திருந்தவர்களைவிட அவரிடம்தான் கூட்டம் அதிகம் என்று திரும்பி வந்து சொன்னார். அது எவ்வளவு உண்மையோ தெரியாது.

அதிலிருந்து லேபில் ஒரு வழக்கம் வந்தது. மாநாட்டுக்குப் போகிறவர் இங்கே மூன்று முறை பேசிக் காட்ட வேண்டும். முதல் தடவை படங்களோடு. இரண்டாம் தடவை மெயின் சுவிட்சை அணைத்துவிடுவார். திரையும் இல்லை, விசிறியும் இல்லை, வேர்வை ஒழுக ஒழுக வாயால் மட்டுமே சொல்ல வேண்டும். மூன்றாம் தடவை மாநாட்டில் பேசப் போவது போலவே முழுசாக. அதற்கு ஒரு சட்டம் உண்டு. அறையில் இருக்கும் எல்லோரும் ஆளுக்கு ஒரு கேள்வி கேட்டாக வேண்டும். டாக்டர் பட்டம் பெற்றவரும் கேட்க வேண்டும், எலிக் கூண்டு கழுவும் மாரியம்மாவும் கேட்க வேண்டும். கேட்காதவருக்குக் கடைசியில் தரும் வடை கிடையாது. சார் கதவோரம் கடைசி நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நுண்ணோக்கிப் படங்களின் மூலையில் அளவைக் காட்ட ஒரு சின்னக் கோடு இருக்கும். நான் ஒவ்வொரு முறையும் "அந்தப் படத்துல இருக்கிற கோடு எம்புட்டு நீளத்தக் காட்டுது?" என்று ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டு வடையைத் தின்றுவிடுவேன். பல வருடம் அப்படியே ஓட்டினேன்.

இனி என் வேலையைச் சொன்னால்தான் தப்பு புரியும். எலி மூளை பெருவிரல் நுனி அளவுதான் இருக்கும். இடப்பாதியும் வலப்பாதியும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். உறையவைத்துச் சீவினால் ஒவ்வொரு சீவலும் அப்பளத்தைவிட எத்தனையோ மடங்கு மெல்லிசாக வரும். தண்ணீரில் போட்டால் மிதக்கும், புரண்டும் போகும். புரண்ட பிறகு எது இடம், எது வலம் என்று கடவுளே வந்தாலும் சொல்ல முடியாது. அதனால் சீவுவதற்கு முன்பே, மூளையின் இடப்பாதியில், முன்னாலிருந்து பின்னால்வரை மெல்லிய ஊசியால் ஒரு துளை போட்டுவிடுவோம். பிறகு எந்தச் சீவலை எடுத்தாலும் துளை இருக்கும் பாதிதான் இடப்பாதி. அந்தத் துளையைப் போடுவது என் ஒருத்தியின் வேலை. மூளையின் முன்பக்கத்தை மூக்கு என்போம். மூக்கு ஜன்னலைப் பார்க்க வேண்டும், துளை என் இடக்கைப் பக்கம் விழ வேண்டும். இதுதான் என் கணக்கு. நான் ஜன்னலைப் பார்த்து நிற்பேன், மூளையும் ஜன்னலைப் பார்க்கும், என் இடது அதற்கும் இடது. யாரும் அதைச் சரிபார்த்ததில்லை. சரிபார்க்க வேண்டும் என்று எனக்கும் தோன்றியதில்லை.

எனக்கு ஓய்வு வர ஐந்தாறு வருடம் இருந்தபோதுதான் தமிழ்ச்செல்வி ஆராய்ச்சி மாணவியாக லேபுக்கு வந்தாள். அவளுடைய அப்பா கப்பலூரில் ஒரு சின்னத் தொழிற்சாலையில் லேத் ஓட்டுகிறவர். பிடிவாதக்காரி. ஒரு வேலையை இரண்டு முறை செய்யச் சொன்னால் மூன்று முறை செய்வாள். அவளுடைய ஆராய்ச்சி இதுதான்: பன்னிரண்டு எலிகளுக்கு மூளையின் வலப்பாதியில், முன்பக்கத்தில் சின்னக் காயம். அதில் ஆறு எலிகளுக்கு, காயத்தால் சோர்ந்துபோன கையை ஒரு சந்து வழியாக நீட்டித் தீனி எடுக்கும் பயிற்சி. மற்ற ஆறுக்குப் பயிற்சி இல்லை. பிறகு மூளையின் பின்பக்கச் சீவல்களில் சாயம் ஏறிய செல்களை எண்ணிப் பார்க்க வேண்டும். அந்த இடத்தில் காயம் தெரியாது. துளையை வைத்துத்தான் இது காயம்பட்ட பாதி, இது படாத பாதி என்று பிரிக்க முடியும். எது பயிற்சி பெற்ற எலி என்பதை எழுதி ஒரு உறையில் போட்டு ஒட்டி, சார் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். எண்ணுகிறவர்களுக்கு வெறும் நம்பர் மட்டும்தான் தெரியும்.

எண்ணி முடித்து உறையைப் பிரித்த அன்று லேபே ஆடிப்போனது. பயிற்சி பெற்ற ஆறிலும், படாத பாதியைவிடக் காயம்பட்ட பாதியில் செல்கள் அதிகம். பயிற்சி இல்லாத ஆறில் ஐந்தில் குறைவு. ஒரே ஒரு எலி மட்டும் அடம்பிடித்துக்கொண்டு மற்றதற்கு எதிராக நின்றது. ஒன்று அப்படி இருப்பது சகஜம்தான் என்று விட்டுவிட்டோம். பெங்களூரு மாநாட்டில் செல்விக்குச் சுவரொட்டி இல்லை, மேடையே கிடைத்தது. எங்கள் லேபில் யாருக்கும் அதுவரை அவ்வளவு பெரிய மேடை கிடைத்ததில்லை. அந்த அரங்குக்கு வரப்போகும் வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவர், "உன் பேச்சைக் கேட்டபின் என் லேபில் இடம் தருவதைப் பற்றி முடிவு செய்கிறேன்" என்று அவளுக்கு எழுதியிருந்தார். அவளுடைய அப்பா தொழிற்சாலையில் எல்லோருக்கும் முன்கூட்டியே மிட்டாய் கொடுத்துவிட்டார்.

ரயிலுக்கு மூன்று நாள் இருந்தபோது மூன்றாம் ஒத்திகை நடந்தது. அன்றைக்குச் செல்வி புதிதாக ஒரு படம் சேர்த்திருந்தாள். காயம் எப்படி இருக்கும் என்று பார்ப்பவர்களுக்குக் காட்டுவதற்காக ஏழாம் எலியின் முன்பக்கச் சீவல். எல்லோரும் காயத்தைப் பார்த்தார்கள். நான் என் துளையைப் பார்த்தேன். யாருக்கு எதுவோ அதுதானே கண்ணில் படும். துளை, காயத்துக்குப் பக்கத்திலேயே, அதே பாதியில் இருந்தது.

அந்த அறையில் அது தெரிந்தவள் நான் ஒருத்திதான். கோட்டின் நீளத்தைக் கேட்டுவிட்டு வடையைத் தின்றிருக்கலாம். செல்வி ரயில் ஏறியிருப்பாள், விமானமும் ஏறியிருப்பாள். என் முறை வரும்வரை அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன் என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

"பத்மாம்மா, உங்க கேள்வி" என்றார் சார், கண்ணைத் திறக்காமல்.

"செல்வி, காயம் எந்தப் பக்கம்?"

"வலப்பக்கம்கா."

"துளை எந்தப் பக்கம்?"

"எப்பவும் இடப்பக்கம்தானக்கா, நீங்கதான..." என்று சிரித்துக்கொண்டே திரையைப் பார்த்துத் திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

முன் வரிசையில் இருந்த கண்ணன், எங்கள் லேபின் மூத்த ஆராய்ச்சி மாணவர், "படத்தக் கம்ப்யூட்டர்ல திருப்பிப் போட்டிருப்பீங்க" என்றார்.

"திருப்புனா ரெண்டும் சேந்துதான தம்பி திரும்பும்" என்றேன்.

சார் கண்ணைத் திறந்தார். "துளை தப்புன்னு எத வச்சுச் சொல்றீக?"

"என் நோட்ட வச்சுச் சொல்றேன் சார்" என்று எடுத்து வந்தேன். ஏழாம் எலியின் மூளையில் துளை போட்ட நாளில் என் கையெழுத்திலேயே இருந்தது: வெள்ளையடிப்பு, மேசை நடுவில். ஆய்வுக்குழு வருகிறது என்று அந்த வாரம் கட்டடம் முழுக்கச் சுண்ணாம்பு அடித்தார்கள். என் மேசையை அறையின் நடுவுக்கு இழுத்துப் போட்டிருந்தார்கள். நான் மறுபக்கம், ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்று வேலை செய்தேன். மூளையை மட்டும் வழக்கம்போல ஜன்னலைப் பார்க்க வைத்தேன். அதன் மூக்கு என் பக்கம் திரும்பியிருந்தது. என் இடக்கை, அதற்கு வலப்பக்கம். அந்த வாரத்தில் நாலு மூளைக்கு அப்படித் துளை போட்டிருக்கிறேன்.

"நாலுதான சார். அத மட்டும் பாத்து மாத்திட்டாப் போச்சு" என்றார் கண்ணன்.

"சந்தேகப்பட்டத மட்டும் பாக்குறதுக்குப் பேரு சோதனையா? பன்னெண்டையும் பாக்கணும்" என்றார் சார். பிறகு யாரையும் பார்க்காமல், "வடையச் சாப்புட்டுட்டு ஆரம்பிங்க" என்றார். அன்றைக்கு அந்தத் தட்டை யாரும் தொடவில்லை. மாரியம்மாதான் எடுத்துப் போனாள்.

ஒவ்வொரு மூளையிலும் முன்பக்கத் துண்டு கொஞ்சம் குளிர்பெட்டியில் மிச்சம் இருந்தது. அதைச் சீவிச் சாயம் ஏற்றினால், காயமும் துளையும் ஒரே சீவலில் தெரிந்துவிடும். நான் சீவ, செல்வி தூரிகையால் எடுத்துக் கண்ணாடியில் பரப்பினாள். நூல் அறுவது போல ஒரு சீவல் கிழிந்தாலும் அடுத்ததை எடுப்போம். முதல் நாள் முழுக்க அவள் எலி நம்பரை மட்டும் சொல்லிச் சொல்லிக் கண்ணாடியில் எழுதினாள். இரண்டாம் நாள் மதியம், கண்ணாடியைவிட்டுக் கண்ணை எடுக்காமலே சொன்னாள்.

"நீங்க கேக்காம இருந்திருக்கலாம்கா."

"இருந்திருக்கலாம்" என்றேன்.

அவள் அடுத்த சீவலுக்காகத் தூரிகையை நீட்டினாள். அழுதிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

என் நோட்டில் இருந்த நாலும் மாறித்தான் இருந்தன. மற்ற எட்டும் சரி. நாலில் மூன்று பயிற்சி பெற்ற எலிகள். நாலாவது, அந்த அடம்பிடித்த எலி. பக்கத்தைத் திருத்தி எழுதியதும் அது சமர்த்தாகத் தன் கூட்டத்தோடு போய் நின்றுகொண்டது. ஆனால் பயிற்சி பெற்ற ஆறில் இப்போது மூன்றில் அதிகம், மூன்றில் குறைவு. பயிற்சியால் பலன் உண்டு என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. செல்வியின் இரண்டு வருடம் என் இடக்கைப் பக்கம் போய்விட்டது. எனக்கு அவள் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

"போகாம இருந்துரலாமா சார்?" என்று கேட்டாள். பயிற்சியால் மூளை தேறுகிறது என்ற தலைப்பு, மாநாட்டுப் புத்தகத்தில் அவள் பெயரோடு ஏற்கெனவே வந்துவிட்டது.

"தலைப்புதான் அச்சாயிருச்சு. நம்ம வாய் இன்னும் அச்சாகல. போவோம்" என்றார் சார். பிறகு என்னைப் பார்த்தார். "நீங்களும் வாரீக. துளையப் பத்திக் கேட்டா நான் என்னத்தச் சொல்ல?"

டெக்னீசியன் மாநாட்டுக்குப் போவது எங்கள் துறையில் அதுவரை நடக்காத காரியம். சுங்குடிச் சேலை இரண்டை மடித்து வைத்துக்கொண்டு கிளம்பினேன். அரங்கில் குளிர் எலும்பைத் தொட்டது. கழுத்தில் அட்டை மாட்டிவிட்டார்கள். கடைசி வரிசையில், கதவோரம், சாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். செல்வி மேடையேறினாள். முதல் படத்தில் அவளுடைய தலைப்பு இருந்தது, அதன் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. அரங்கில் சிலர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். "இந்தத் தலைப்பு தப்பு. எப்படித் தப்பானது என்று சொல்கிறேன்" என்று இங்கிலீஷில் தொடங்கினாள். மேசை, ஜன்னல், வெள்ளையடிப்பு எல்லாவற்றையும் சொன்னாள். ஒரு இடத்திலும் என் பெயரைச் சொல்லவில்லை. "நாங்கள் துளை போட்டோம்" என்றே சொன்னாள். பன்னிரண்டு நிமிடத்தில் ஒரு நொடிகூடக் கூடவில்லை.

கேள்வி நேரத்தில் வழுக்கைத் தலையோடு ஒரு பெரியவர் எழுந்தார். நாலு தப்பாக இருந்ததென்றால் மற்ற எட்டு சரியென்று எப்படி நம்புவது, அந்தத் துளையைப் போட்டது யார் என்று கேட்டார். அவர் குரலில் ஏளனம் இருந்தது. செல்வி வாயைத் திறப்பதற்குள் நான் எழுந்து நின்றுவிட்டேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன்: நான்தான் சார் போட்டேன். தப்பைக் கண்டதும் நான்தான். நாலை மட்டும் பார்க்கவில்லை, பன்னிரண்டையும் மறுபடி வெட்டிப் பார்த்தோம், படம் எல்லாம் இருக்கிறது. செல்வி உடனே பன்னிரண்டு சீவல்களையும் திரையில் போட்டாள். பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு உட்கார்ந்துவிட்டார்.

அந்த வெளிநாட்டுப் பேராசிரியர் வெளியே வந்து செல்வியின் நேர்மைக்குக் கை கொடுத்தார். இடம் கொடுக்கவில்லை. பன்னிரண்டு நிமிடம் நன்றாகப் பேசினால் எல்லாம் நல்லபடி முடியும் என்று கதையில்தான் வரும்.

திரும்பும் வழியில் செல்வி ஒரு காகிதத்தில் ஏதோ கிறுக்கிக்கொண்டே வந்தாள். திண்டுக்கல் தாண்டும்போது நிமிர்ந்தாள்.

"பன்னெண்டு பத்தாது சார். இருவத்தி நாலு எலி வேணும். முதல்ல இருந்து செய்றேன்."

"வருசக்கணக்கு ஆகுமே" என்றார் சார்.

"ஆகட்டும் சார்."

ஊருக்கு வந்த மறுநாளே, செல்லூரில் விசைத்தறிப் பட்டறையில் இருக்கும் என் தம்பியை வரச்சொல்லி, என் மேசையின் நாலு காலையும் ஜன்னலோரம் தரையோடு போல்ட் போட்டு முடுக்கினேன். அடுத்த வெள்ளையடிப்புக்கு வந்தவர்கள் என்னைத் திட்டிக்கொண்டே மேசையைச் சுற்றி அடித்துவிட்டுப் போனார்கள். செல்வி அதோடு விடவில்லை. ஒவ்வொரு மூளைக்கும் துளை போடும்போது பக்கத்தில் வந்து நிற்பாள். நான் "மூக்கு" என்பேன், அவள் "ஜன்னல்" என்பாள். நான் "இடது" என்பேன், அவள் குனிந்து பார்த்து "இடது" என்பாள். இரண்டு பேரும் நோட்டில் கையெழுத்துப் போடுவோம். வேலை சம்பந்தமாக எல்லாம் பேசினாள். ஆனால் பழையபடி என் டிபன் டப்பாவில் கை வைப்பதை மட்டும் நிறுத்திவிட்டாள். நானும் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்க எனக்கு என்ன தகுதி என்று இருந்தது.

இரண்டு வருடத்துக்குக் கொஞ்சம் கூடவே ஆனது. முடிவு வந்தது. பயிற்சிக்குப் பலன் இருந்தது, ஆனால் முதலில் நாங்கள் கொண்டாடியதில் பாதிகூட இல்லை. "கொஞ்சூண்டுதேன். ஆனா இருக்கு" என்றார் சார். எத வச்சு என்று அன்றைக்கு அவர் கேட்கவில்லை.

டாக்டர் பட்டத்துக்கான அவளுடைய பொது வாய்மொழித் தேர்வு எனக்கு ஓய்வு வருவதற்கு இரண்டு மாதம் முன்பு நடந்தது. கருத்தரங்கக் கூடம் நிறைந்திருந்தது. முன் வரிசையில் அவளுடைய அம்மாவும், சலவைச் சட்டை போட்ட அப்பாவும். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் தன் கேள்விகளை முடித்துவிட்டு, பார்வையாளர்கள் யாராவது கேட்கலாம் என்றார். இரண்டு பேர் கேட்டார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஒரு முறை நான் கேட்ட கேள்வி போதும் என்று இருந்தது. தேர்வாளர் தாளை மடித்தார்.

"சார், ஒரு நிமிஷம்" என்றாள் செல்வி மேடையிலிருந்து. "எங்க லேப்ல எல்லாரும் கேள்வி கேட்டாத்தான் முடியும். பத்மாக்கா இன்னும் கேக்கல."

கூடமே திரும்பிப் பார்த்தது. சார் கதவோரம் கண்ணை மூடியபடியே இருந்தார். நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். எனக்குத் தெரிந்தது ஒரே கேள்விதான்.

"துளை எந்தப் பக்கம்?"

"இடப்பக்கம்கா. இருவத்தி நாலுலயும். நீங்களும் பாத்தீங்க, நானும் பாத்தேன்."

தேர்வாளருக்கு ஒன்றும் புரியவில்லை. "அவ்வளவுதானா?" என்று என்னைக் கேட்டார்.

"அம்புட்டுத்தேன் சார்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

வெளியே வடையும் டீயும் வைத்திருந்தார்கள். செல்வி தன் தட்டை எடுத்துக்கொண்டு நேரே என்னிடம் வந்தாள். என் தட்டிலிருந்து ஒரு வடையை எடுத்துக் கடித்தாள்.